எண் ஏறிய நாட்கள்

மகள் அனுப்பிய கை மணிக்கூடு வந்த நாளிலிருந்து என் கணவரின் இதயம் என் தொலைபேசிக்குள் இருந்தது. கோப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் தையல் மெசினுக்கு முன்னால் இருப்பேன். அவர் பின்வளவில் கத்தரிக்கன்றுகளுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பார். மேசையில் கிடக்கும் தொலைபேசியைத் தொட்டால் போதும். அவருடைய நாடி, இரவு கொண்ட நித்திரை, நடந்த தூரம் எல்லாம் வரிசையாக வரும். அவற்றில் ஒரு எண் மட்டும் என்னைப் பிடித்து ஆட்டியது.

அதற்கு முந்தைய வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பட்டா எனும் சின்ன லொறி ஒன்றை வைத்து, ஊரில் விளையும் மரக்கறிகளை மருதனார்மடம் சந்தைக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருடைய தொழில். ஒருநாள் பீற்றூட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி மூட்டையின் மேலேயே இருந்துவிட்டார். சந்தைக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடைபட்ட குழாய்க்குள் சிறு வலை வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு விடும் நாளில் டொக்டர் என்னைப் புறம்பாகக் கூப்பிட்டார். இதயத் தசையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது, போகப்போக இதயம் செயலிழக்கக் கூடும், கவனம் என்றார்.

"செயலிழக்கிறது எண்டால், நிண்டு போறதோ டொக்டர்?"

"இல்லையம்மா, நிக்காது. ஆனா உடம்புக்குக் காணுமான அளவு ரத்தத்தை அடிச்சுக் குடுக்க அதாலை ஏலாமப் போகும். சடாரெண்டு வராது. பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் வரும்."

அவர் ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கோ அந்த 'மெல்ல மெல்ல' தான் பயமாகப் போயிற்று. திடீரென்று வருவதை யாராலும் தடுக்க முடியாது, அது விதி என்று விட்டுவிடலாம். மெல்ல வருவதைக் கண்டுபிடிக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவரின் வேலை. பக்கத்தில் இருப்பது நான் ஒருத்தி.

மகள் கனடாவில் இருக்கிறாள். திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் மணிக்கூட்டைக் கொடுத்துவிட்டு, வீடியோ அழைப்பில் நின்று அதைப் பூட்டச் சொல்லித் தந்தாள். என் கணவர் கையை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அப்போதுதான் மகள் அந்த எண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மா, துடிப்பு எத்தினை எண்டு பாக்கிறது ஒண்டு. இது வேறை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலை இருக்கிற இடைவெளி எவ்வளவு மாறுது எண்டு பாக்கிறது."

"ஏன் மாறவேணும்? ஒரே சீரா அடிச்சால்தானே நல்லம்?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இல்லையாம். நல்ல இதயம் மூச்சு இழுக்கேக்கை கொஞ்சம் கெதியா அடிக்கும், விடேக்கை ஆறுதலா அடிக்கும். சின்னச் சின்னதா மாறிக்கொண்டே இருக்குமாம். மாற்றமில்லாமல் ஒரேமாதிரி அடிச்சால் இதயம் களைச்சுப் போச்சு எண்டு அர்த்தமாம். மாரடைப்பு வந்த ஆக்களுக்கு இந்த எண் குறைவா இருந்தால் இதயம் பலவீனமாகிற ஆபத்துக் கூட எண்டு வாசிச்சன்."

அதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அவளும் அந்தத் தூரத்தில் இருந்துகொண்டு வேறு என்னதான் செய்வாள்.

அடுத்த நாள் காலை எண் பதினெட்டு என்று காட்டியது. மகளைக் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லாமல், "வயது போனால் குறைவாத்தான் இருக்கும் அம்மா" என்றாள். அந்தத் தயக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு பதினாறு, இருபது, பதினைந்து. ஒவ்வொரு நாளும் எழும்பி முகம் கழுவ முதல் அதைத்தான் பார்ப்பேன். பதினைந்து என்றால் அன்று முழுக்க என் கை வேலையில் நிற்காது. கலியாணப் பெண் ஒருத்தியின் சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கைக்கே வெட்டிவிட்டேன். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவள் நான். அதே துணியைத் தேடி யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன்.

அவருக்கு என் பார்வை பிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு நான் தொலைபேசியை எடுத்தால் முகம் மாறும்.

"நீர் என்னைப் பாக்கிறீரோ, உந்தப் போனைப் பாக்கிறீரோ?"

"உங்களைத்தான் பாக்கிறன்."

"நான் இஞ்சை இருக்கிறன். உதுக்குள்ளை இல்லை."

ஒருநாள் மணிக்கூட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். "ஒரு இரவைக்கு உம்மடை கையிலை கட்டிக்கொண்டு படும். உம்மடை எண் என்ன எண்டும் பாப்பம்." எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. திருப்பி அவர் கையிலேயே கட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

அப்படியே மாதங்கள் போயின. மருந்துக் குளிசைகளை நேரத்துக்கு எடுத்தார். பட்டாவை ஓட்டினார், மூட்டை தூக்க ஆள் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு விடிய, எண் நாற்பத்தெட்டு என்று நின்றது.

மணிக்கூடு பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த நாள் ஐம்பத்தைந்து. அதற்கடுத்த நாள் அறுபதைத் தாண்டியது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் இரவு வேலைக்குப் போகிற பேருந்துக்குள் இருந்து அழைப்பு எடுத்தாள். "அம்மா, என்ரை எண்ணே இவ்வளவு இல்லை! அப்பான்ரை இதயம் தேறிவருது போல" என்று சொல்லும்போது அவளுடைய குரல் உடைந்தது. நானும் அழுதேன். பின்வளவுக்கு ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றி அதில் சாய்ந்தபடி நின்றார்.

"அப்ப நல்லம்தானே?" என்று கேட்டார்.

"நல்லம் எண்டு சொல்லுறதோ! பிள்ளையை விடக் கூட!"

"ம்" என்றார். அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்கவில்லை.

நாடியும் வழமையை விடக் கொஞ்சம் கூடித்தான் காட்டியது. தோட்டத்தில் வேலை செய்கிறார்தானே, கூடத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதக்கணக்காக ஒரு எண்ணுக்குப் பயந்தவளுக்கு, அது ஏறியதும் மற்ற எதுவும் கண்ணில் படவில்லை.

அவர் தேறவேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தேன். மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவது என்று. புறப்படுகிற காலை அவர் காற்சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பு இறுக்குது என்றார். மாரடைப்புக்குப் பிறகு உடம்பு வற்றி, அதே காற்சட்டையை நான்தான் உள்ளே பிடித்துத் தைத்திருந்தேன். இப்போது தசை வைக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோசம். அந்த இடத்திலேயே தையலைப் பிரித்து ஓரங்குலம் விட்டுக் கொடுத்தேன். "பாத்தியளே, சாப்பிடுற சாப்பாடு உடம்பிலை ஒட்டுது" என்றேன்.

கோயில் வீதியில் பாதித் தூரத்தில் அவர் நின்றார். வெயில் என்றார். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, அங்கே கட்டியிருந்த அறிவித்தல் ஒன்றை வாசிக்கிறவர் போல நின்றார். அது நெல் அரைக்கும் மெசின் ஒன்றின் விளம்பரம். எங்களுக்கு வயலே கிடையாது. பூசை முடிந்து திரும்பும்போதும் அந்தத் தூணடியில் நின்றார். நான் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகளுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் அவருடைய வாய் சற்றே திறந்திருக்கிறது. சிரிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் கட்டிலில் படுக்காமல் சாய்மனைக் கதிரையில் படுக்கத் தொடங்கினார். கேட்டால், கட்டிலுக்கு மேலே சுற்றும் மின்விசிறி தடிமன் பிடிக்க வைக்கிறது என்றார். படுத்தால் இருமல் வந்ததும் உண்மைதான். மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அவித்துக் கொடுத்தேன். அவருடைய உடம்புக்குள் ஏற்கெனவே தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்.

வடைமாலை சாத்தி ஒரு கிழமை இருக்கும். உறவுக்குள் ஒரு கலியாணத்துக்காக அவருக்குப் புதுக் காற்சட்டை தைத்திருந்தேன். கால் மடிப்புக்கு அளவு பார்க்க அவரை முன்னறையில் நிறுத்தி, நான் கீழே முழங்காலில் இருந்தேன். துணியை மடித்து ஊசி குத்தும்போது, கால் நகராமல் இருக்க இடக்கையால் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தி முடிந்து கையை எடுத்தேன். என் பெருவிரல் பதிந்த இடத்தில் ஒரு குழி இருந்தது.

அது நிரம்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசைந்த மாவில் அழுத்தினது போல அப்படியே கிடந்தது. மற்றக் காலில் அழுத்தினேன். அதிலும் குழி. செருப்பு வார் இருந்த இடத்தில் பாதத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் போல் தடம். நான் அண்ணாந்து பார்த்தேன். வெறுமனே நின்றுகொண்டிருந்தவர், நடந்து வந்தவர் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"என்ன?"

"கால்."

"நிண்டு வேலை செய்தால் வீங்கும்தானே."

மேசையில் தொலைபேசி கிடந்தது. அன்று காலை எண் எழுபதுக்குக் கிட்ட. அதுவரையில் வந்ததில் அதுதான் கூட. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணை நம்புவதா, காலை நம்புவதா என்று ஒரு நிமிடம் அப்படியே முழங்காலில் இருந்தேன். பிறகு எழும்பி, ஊசி குத்தின காற்சட்டையோடேயே அவரை வெளியில் கூட்டிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

ஓட்டோவுக்குள் அவர் முன்னால் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றியபடி இருந்தார். பின்னால் சாய மாட்டேன் என்றார். ஓட்டோக்காரர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். அந்த மெதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கெதியாப் போங்கோ" என்பேன். அடுத்த குலுக்கலில், "தம்பி, ஆறுதலாப் போங்கோ" என்பேன். பாவம், அந்தப் பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டியது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். ஒட்சிசன் பூட்டினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நான் திரைச்சேலைக்கு வெளியே அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்து, எப்போது தொடங்கினது என்று கேட்டார். நான் தொலைபேசியை நீட்டினேன். சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"டொக்டர், இந்த எண் கூடினால் நல்லம் எண்டு மகள் சொன்னவள். இது கூடிக்கொண்டே வந்தது. பிறகு எப்பிடி..."

அவர் அவசரத்திலும் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். எண் சட்டென்று ஏறிய நாளில் விரலை வைத்தார்.

"இதிலை இருந்துதான் தொடங்கியிருக்கும் போல" என்றார். ஈ.சி.ஜி. கடதாசியை எனக்கு முன்னால் பிடித்தார். "இஞ்சை பாருங்கோ அம்மா. இந்தக் கூருகளுக்கு நடுவிலை இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ."

நான் பார்த்தேன். ஒன்று நெருக்கம், அடுத்தது தூரம், பிறகு இரண்டு நெருக்கம். ஒரு ஒழுங்கும் இல்லை. நூல் இறுக்கம் தவறிய தையல் மெசின் ஓடினது போல இருந்தது.

"இதயத்தின்ரை மேலறை சரியாச் சுருங்காமல் நடுங்குது. அதாலை துடிப்பு கண்டபடி விழுது. உங்கடை மகள் சொன்னது பிழை இல்லை. நல்ல இதயத்திலை இடைவெளி மாறும். ஆனா அது ஒரு ஒழுங்குக்குள்ளை மாறுறது. இது குழம்பி மாறுறது. மணிக்கூட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சில மணிக்கூடு இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும், இது அந்த வகை இல்லைப் போல. மாற்றம் கூட எண்டு மட்டும் கணக்குப் பாத்திருக்குது."

"அப்ப அது நல்லா வந்தபடியா ஏறேல்லை."

"இல்லையம்மா. ஏற்கெனவே பலவீனமான இதயம், இப்பிடிக் குழம்பி ஓடவும் களைச்சுப் போச்சு. அதுதான் நுரையீரலிலையும் காலிலையும் தண்ணி."

செயலிழப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "ஓம்" என்றார். "ஆனா வைத்தியம் இருக்கு. இப்ப கொண்டுவந்தது நல்லம்."

நான் வெளியில் வந்து வாங்குப் பலகையில் இருந்தேன். நாங்கள் சந்தோசப்பட்ட ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்தது. மகள் அழுதது, வடைமாலை, தையலைப் பிரித்தது, மல்லித்தண்ணீர். மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "நான்தானே அம்மா சொன்னனான்" என்றாள். "நீ சொன்னது சரியெண்டு டொக்டரும் சொன்னவா" என்றேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னேன். எனக்கு அது ஒரு தேறுதலாக இருக்கவில்லை.

சிறுநீர் போவதற்கு ஊசி போட்டார்கள். இதயத்தின் வேகத்தைக் குறைக்க மருந்து, இரத்தம் கட்டிபடாமல் இருக்க மருந்து. மூன்றாம் நாள் நான் போனபோது அவருடைய கன்னம் உள்வாங்கியிருந்தது. கால் மெலிந்திருந்தது. அவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. தலையணையில் சாய்ந்து, கஞ்சியைக் கரண்டியால் குடித்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்கிற இந்த இளைப்பு எப்ப தொடங்கினது எண்டு டொக்டர் கேட்டவா. என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

கரண்டியைக் கோப்பையில் வைத்தார். "நீர் தோட்டத்துக்கு ஓடிவந்து எண்ணைக் காட்டினீரே. அண்டைக்கே இளைச்சது. மண்வெட்டியைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு நீர் சிரிச்சனீர். பிள்ளையும் சந்தோசப்பட்டவள். நான் ஏன் அதைக் கெடுப்பான் எண்டு விட்டிட்டன். மணிக்கூடும் நல்லம் எண்டுதானே சொல்லுது, எனக்குத்தான் வெறும் நினைப்பாக்கும் எண்டும் நினைச்சன்."

எனக்கு வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது. "உங்கடை நெஞ்சு இளைக்கிறது உங்களுக்குத் தெரியாமல் கனடாவிலை இருந்து வந்த சாமானுக்கே தெரியும்? நான் சிரிக்கிறதுக்காக நீங்கள் செத்துப்போகப் பாத்தியளோ?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். தாதி எட்டிப் பார்த்தார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சரி. இனிச் சொல்லுறன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "எனக்கும் பயம்தான். நீர் பயப்பிடுறபடியா எனக்குப் பயப்பிட இடம் கிடைக்கேல்லை" என்றார்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்து நானே பருக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வாழ்க்கை வேறு மாதிரி ஆகிவிட்டது. உப்பு அநேகமாக இல்லை. கருவாடு, ஊறுகாய், வெளியில் வாங்கும் மிக்சர் எல்லாம் நின்றது. குடிக்கிற தண்ணீருக்கு நாளுக்கு ஒரு போத்தல், அது முடிந்தால் முடிந்ததுதான். காலையில் சாப்பிட முதல் தராசில் ஏறுவார். இரண்டு மூன்று நாளுக்குள் நிறை சட்டென்று கூடினால் உடனே வரச்சொல்லி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். துடிப்பு குழம்பியிருக்கும்வரை மணிக்கூட்டின் அந்த எண்ணுக்குக் கருத்தே இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். மகள் கேட்டாள், வேறு நல்ல மணிக்கூடு அனுப்பட்டோ என்று. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பயம் போய்விட்டது என்று இல்லை. எதைப் பார்த்துப் பயப்படுவது என்று இப்போது கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மெசினில் இருந்தபடி வளவில் அவருடைய இருமல் சத்தம் கேட்டால், அடுத்த இருமல் வருகிறதா என்று என் கால் தானாக நின்றுவிடும்.

போன மாதம் வல்வெட்டித்துறையில் அவருடைய தமக்கையின் வீட்டுக்குப் போனோம். மத்தியானச் சாப்பாட்டை மச்சாள் எங்களுக்காக உப்புக் குறைத்துச் சமைத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும், கடற்கரையால் ஒரு நடை நடந்துவிட்டு வருவோம் என்று அவரே கேட்டார். ஏலுமோ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நானும் போனேன். கரையில் இழுத்து விட்டிருந்த படகுகளைத் தாண்டி அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால், அவருடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கொஞ்சத் தூரத்தில் நின்றார். வாசிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்து, "இஞ்சேரும், இளைக்குது. இதிலை கொஞ்சம் இருப்பம்" என்றார்.

நெஞ்சு திக்கென்றது. அதே நேரம், அவர் வாயால் அதைச் சொன்னாரே என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு படகின் விளிம்பில் இருவரும் இருந்தோம். மெல்ல மெல்ல மூச்சு இறங்கியது. முகத்தில் நிறம் வந்தது.

கடலுக்குப் போக ஆயத்தமாக மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர், "ஐயா, இந்தப் படகைத்தான் இறக்கப்போறம்" என்றார்.

இவர் எழும்பப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன். "இவர் இளைப்பாறட்டும்."

அவர்கள் மணலில் குந்தியிருந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.